சுவருக்கு அந்தப் பக்கம்

இயக்குநரின் அறையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். மற்றவற்றில் அவருடைய கோட்டு, இரண்டு கேடயங்கள், பிரிக்காத பூங்கொத்து, நாளைய விழாவின் அழைப்பிதழ்க் கட்டு, சட்டம் போட்ட அவருடைய படம் என்று ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிரபஞ்சத்துக்குப் பதினோரு பரிமாணங்கள் உண்டு என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறவரின் அறையில் ஒரு மனுஷி உட்கார இடமில்லை. தராசுக்காரி நின்றாள்.

அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். பதவிப்படி அவள் கருவிப் பொறுப்பாளர். ஒரு கூட்டத்தில் "நம்ம தராசுக்காரி என்ன சொல்றாங்க?" என்று அவர் கேட்டு, எல்லோரும் சிரித்து, அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு நிலையத்தில் அவருக்கும் ஒரு பெயர் உண்டு: பதினொன்று. அவர் காதுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார், தலை நிமிராமல்.

தாளில் ஒரே ஒரு வரிதான் முக்கியம். அளவீட்டில் தெரிந்த கூடுதல் ஈர்ப்புக்கு வேறு எந்தக் காரணமும் இல்லை என்று சான்றளிக்கிறேன். கீழே ‘குறிப்புகள்’ என்று கொஞ்சம் காலியிடம், அதற்கும் கீழே அவள் பெயர்.

"கீழ்த்தகட்டை எடுத்துட்டு இன்னும் அளந்து பாக்கல சார். தகடு இல்லாதப்பவும் இழுப்பு அப்படியே இருந்தா, அது உங்க பரிமாணம் இல்ல. வேற ஏதோ."

"எடுத்துப் பாக்க எவ்வளவு நாளாகும்?"

"கலத்தைத் திறக்கணும். மூணு வாரம்."

"நாளைக்கு அமைச்சர் வர்றாரு. மூணு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்லிடவா?" இப்போது நிமிர்ந்தார். "அளக்குற வேலையை நீங்க பாருங்க. யோசிக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள இது வந்தாகணும். இல்லேன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. அந்தக் கீழ்த்தளத்தைப் பார்வையாளர் கூடமா மாத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. உங்க தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, அந்தக் காலத்துக் கருவின்னு ஒரு அட்டை மாட்டிடலாம்."

அவள் தாளை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தராசு என்றால் காய்கறிக் கடைத் தராசு இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலம். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய இழை. இழையில் தொங்கும் விரல் நீளத் தண்டு. தண்டில் ஒரு குட்டிக் கண்ணாடி. எங்கிருந்தாவது ஏதாவது இழுத்தால் தண்டு துளி திரும்பும். கண்ணாடியில் பட்ட ஒளி நகரும். அது கணினியில் கோடாக விழும். ஏழு வருடத்துக்கு முன் அவள் கையால் கட்டியது. மாடியில் யாராவது மேஜையை நகர்த்தினால் கோடு முகம் சுளிக்கும்.

பதினொன்றின் கொள்கை இதுதான்: நீளம், அகலம், உயரம், காலம் போக மீதி ஏழும் நம் கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் தாராளம், ஒரு தலைமுடிப் பருமன் இருக்கும். இரண்டு பொருள்களை அந்த அளவுக்கு நெருக்கமாக வைத்தால், அவை இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஒன்றையொன்று இழுக்கும். அதற்காகத்தான் தண்டுக்கு அடியில் அந்தத் தகடு. ஏழு வருடமும் தண்டு பழைய கணக்குப்படியே நடந்துகொண்டது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாரம் அவள் விடுப்பில் போய்த் திரும்பியபோது கோடு ஒரு படி ஏறி நின்றது. பதினொன்று கீழ்த்தளத்துக்கு முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இனி எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். நடுவில் இரண்டு நாள் கோடு பழைய இடத்துக்கே இறங்கியபோது, அது கருவிக் கோளாறு, பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். அவள் எடுக்கவில்லை. நாளை விழா மண்டபத்தின் பெரிய திரையில் இந்தக் கோடு நேரலையாக ஓட வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான்.

பின்வாசல் படியில் காவலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, கல்லு கில்லு தூக்குனீங்களா?"

"கல்லா இருந்தா பரவாயில்ல தங்கச்சி. எல்லாம் உங்க பதினொன்னு எழுதின புத்தகம். நீ உங்கம்மா கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டேல்ல, அந்த வாரம் லாரி வந்துச்சு. தொண்ணூறு கட்டு. நானும் தோட்டக்காரனும் இறக்கினோம். அப்புறம் வெளியீட்டு விழான்னு ஏத்தினோம். ரெண்டு நாள்ல திருப்பி இறக்கினோம். போறப்ப என்ன கனமோ வர்றப்பவும் அதே கனம். அன்னிக்குப் பிடிச்ச இடுப்பு இன்னும் விடல."

"எங்க இறக்கினீங்க?"

"பின்னறையிலதான். உன் தராசுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம். சும்மாத்தானே கிடந்துச்சு."

சும்மா கிடக்கவில்லை. அந்த அறையைச் சும்மா வைத்திருப்பதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த அறையில் எதையும் வைக்கக்கூடாது என்று முந்தைய இயக்குநரின் கையெழுத்தோடு கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தாள். காவலாளியின் சைக்கிளைக்கூட அங்கே விட்டதில்லை. கதவில் இப்போது நான்கு மூலைகளில் பசை மட்டும் இருந்தது.

அவள் இடத்துக்குப் போய்ப் பதிவை விரித்தாள். லாரி வந்த நாளில் கோடு ஏறியிருந்தது. வெளியீட்டு விழாவுக்குப் போன இரண்டு நாளும் இறங்கியிருந்தது. திரும்பி வந்த நாளில் மறுபடி ஏறியிருந்தது, ஆனால் முன்பைவிட ஒரு மயிரிழை குறைவாக. அந்த மயிரிழையை அவள் அப்போது அறையின் சூட்டின் மேல் பழி போட்டிருந்தாள். பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பது புத்தகம், ஒன்றிரண்டு முன்பின்.

காவலாளியிடம் சாவி வாங்கிப் போய் எண்ணினாள். கட்டுக்கு இருபது. எண்பத்தேழு கட்டு முழுசாக, பிரித்த கட்டு ஒன்றில் பத்தொன்பது. ஆயிரத்து எண்ணூறில் போனவை நாற்பத்தொன்று. பின்னட்டையில் பதினொன்று தாடையில் கைவைத்து அடுத்த பரிமாணத்தை நோக்கிக்கொண்டிருந்தார். ஒரு டன்னுக்கு மேல் பதினொன்று. அத்தனை பேரும் அவள் தராசை உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது. ஏழு வருடத்தில் அவள் தராசு எதையும் இத்தனை அழகாக அளந்ததில்லை. அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வேண்டிய ஆள்தான் சரியில்லை.

மாலையில் மறுபடி போய் நின்றாள். நாற்காலிகள் இன்னும் ஒழியவில்லை.

"அது பரிமாணம் இல்ல சார். பின்னறையில இருக்குற உங்க புத்தகம்."

அவர் மனம்விட்டுச் சிரித்தார். "என் புத்தகம் ஆளை இழுக்கும்னு தெரியும். தராசையுமா இழுக்குது?"

"தராசை மட்டுந்தான் சார் இழுத்திருக்கு."

சிரிப்பு நின்றது.

"நாப்பத்தொண்ணு போயிருக்கு. அதைக்கூடத் தராசு சரியாச் சொல்லுது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவளுக்காக அவர் எழுந்தது இதுதான் முதல் தடவை. "இதை யார் யார்கிட்ட சொன்ன?" என்று கேட்டார். ‘நீங்க’ கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இழுப்பைப் பற்றி, கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே, முதல் பதிப்பு மூன்றே நாளில் தீர்ந்த நூலின் ஆசிரியர் என்று தங்க எழுத்தில் இருந்தது.

"ஒரே ஒரு நாள் வெளியில எடுத்து வெச்சா போதும் சார். கோடு இறங்குதா இல்லையான்னு பாத்துடலாம்."

"பட்டப்பகல்ல? முற்றத்து வழியா? எல்லார் கண்ணு முன்னாலயும்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பரிமாணம் பொய்யாகப் போனால் மனிதர் எப்படியாவது தாங்கிக்கொள்வார். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பது நிஜமாக இருப்பதைத்தான் தாங்கமாட்டார்.

"அந்த அறைச் சாவியை யாரும் தொடக்கூடாது. காலையில பத்து மணிக்குக் கையெழுத்து வரணும். வரலேன்னா உன் தராசு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். நீ அதுக்குத் தூசி தட்டிக்கிட்டு இருக்கலாம்."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் காவலாளியின் முன் போய் நின்றாள்.

"சாவியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு தங்கச்சி."

"நீங்க தொட வேணாம்ணே. பூட்டுலயே மாட்டி வெச்சுட்டு டீ குடிக்கப் போங்க."

அவர் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்தார். "டீ எங்க போயிடப் போகுது. மூணு தடவை சுமந்தாச்சு. நாலாவது தடவையாவது எவனாவது படிக்கிறவன் கைக்குப் போகட்டும்." எழுந்து போய் வாயு உருளை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்.

முற்றத்தைக் கடந்து மண்டப வாசல். மேஜை போட்டு, அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில் ‘ஆளுக்கு ஒன்று, இலவசம்’ என்று எழுதி வைத்தாள். இலவசம் என்றதும் ஆளுக்கு மூன்று எடுத்தார்கள். மிச்சக் கட்டுகளைக் காவலாளி வாசலின் இரு பக்கமும் தூண்போல அடுக்கினார். வந்தவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தராசு அவசரப்படாது. செய்ததை ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொல்லும். கடைசி வண்டி போனதும் அவள் புதிதாக எழுதிய அறிவிப்பைப் பின்னறைக் கதவில் நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினாள். பிறகு மண்டபத்துக்குப் போய், மடித்த தாளை மேடை ஒலிவாங்கிக்கு அடியில் செருகினாள். கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பதினொன்று அமைச்சரோடு வந்தார். தூண்களைப் பார்த்து நடை தடுமாறியது. மண்டபம் முழுக்க மடிமேல் மடிமேல் அவர் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"முதல் பதிப்பு தீர்ந்துடுச்சுன்னாங்களே?" என்றார் அமைச்சர், ஒரு பிரதியைக் கையில் எடுத்து.

"இது ரெண்டாம் பதிப்பு சார்."

அமைச்சர் முதல் தாளைப் புரட்டினார். அங்கே அச்சாகியிருந்ததைப் படித்தார். மூடிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

தராசுக்காரி கடைசி வரிசையில், காவலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று மேடையேறினார். தாளைப் பிரித்தார். குறிப்புகள் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: வேறு காரணம் உண்டு. எண்ணிக்கை 1759. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். இன்று காலையிலிருந்து வாசலில்.

விளக்குகள் அணைந்தன. திரையில் பச்சைக் கோடு ஓடியது. இடது ஓரத்திலிருந்து நேராக, உயரமாக, இரண்டு மாதமாக நின்ற அதே உயரத்தில் வந்தது. வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெல்லத் தலை சாய்த்திருந்தது.

"இந்தக் கோடு..." என்று தொடங்கி, பதினொன்று கையிலிருந்த சுட்டுவிளக்கை அழுத்தினார். சிவப்புப் புள்ளி கோட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது. யாரோ பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு புள்ளியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துளியாகக் கீழே இறங்கத் தொடங்கியது.