மோஸ்கூலாவின் கைகள்

ஸபேத்தா பஞ்சை ஒயினில் நனைத்து, அம்மாவின் தோளிலிருந்து முழங்கை வரை துடைத்துக்கொண்டு வந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். இறந்தவளைக் கழுவும்போது ஆண்கள் அந்த அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது மிலோஸ் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சித்தி ஃப்ரோஸோ எழுந்துபோய்க் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். இடுக்கு வழியாக அப்பாவின் கை உள்ளே நீண்டது. அதில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகள் இருந்தன.

"இதை அவளுக்குப் போட்டுவிடுங்க," என்றார் யாக்கோவோஸ். "ஏதென்ஸ்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. போட்டோ எடுப்பாங்க."

சித்தி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஸபேத்தா பஞ்சை மறுபடியும் ஒயினில் முக்கினாள். வாயைத் திறந்திருந்தால் செத்தவள் முன்னால் சொல்லக் கூடாத சொல்தான் வந்திருக்கும்.

அம்மா மோஸ்கூலாவின் கைகளை அந்த ஊரில் அறியாதவர்கள் கிடையாது. கல்யாணமான மறுவாரமே யாக்கோவோஸ் அவள் கையில் தேய்ப்புக்கல்லைக் கொடுத்துச் சிற்பப் பட்டறையில் உட்கார வைத்துவிட்டார். அவர் செதுக்குவார், அவள் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்ப்பாள். முதலில் சொரசொரப்பான கல், பிறகு மெல்லிய கல், கடைசியில் துணி. பளிங்கு உயிருள்ள தோல் மாதிரி ஆகும்வரை தேய்ப்பாள். பளிங்கு தோலாக ஆக, அவள் தோல் கல்லாக ஆனது. வலது ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் வளைந்துவிட்டது. கணுக்கள் இஞ்சிக்கிழங்குபோலப் புடைத்துவிட்டன. அடையாள அட்டை எடுக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த காவலர் அவள் விரலை மையில் ஒற்றி ஒற்றிப் பார்த்தும் ரேகை விழவில்லை. இனி அக்கா தைரியமாக பேங்க்கைக் கொள்ளையடிக்கலாம் என்று கேலி செய்தாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஸபேத்தாவுக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை.

யாக்கோவோஸ் செதுக்கிய பெண்களுக்கோ கையே கிடையாது.

காரணம் அந்தத் தெய்வம் என்று உலகம் சொன்னது. காதல் தெய்வமான அப்ரோதீத்தியின் கையில்லாத பளிங்குச் சிலையை ஒரு விவசாயி தோண்டி எடுத்தது இந்தத் தீவு மண்ணிலிருந்துதான். அவள் கப்பலேறிப் பாரிஸுக்குப் போய்விட்டாள். தீவுக்கு மிஞ்சியது சுண்ணச் சாந்தில் வார்த்த ஒரு நகலும், அவள் படம் போட்ட சோப்பும் சாவிக்கொத்தும்தான். அவளைப் பார்த்த பிறகு சிற்பிகளுக்கெல்லாம் ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. விரல் நகம்வரை செதுக்கத் தெரிந்தவர்கள்கூட வேண்டுமென்றே கையை விட்டார்கள், தலையை விட்டார்கள். குறைதான் அழகு என்றார்கள். ஓவியர்கள் அவளை வரைந்தார்கள், கலைத்தார்கள், மறுபடியும் வரைந்தார்கள். அந்தப் பெரிய வரிசையில் யாக்கோவோஸும் ஒருவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவரும் பேட்டிக்குப் பேட்டி ஒரே கதையைச் சொன்னார். முதல் சிலைக்குக் கைகள் இருந்தனவாம். ஒரு விடியற்காலை பட்டறைக்குள் போனபோது, தெய்வம் கைகளைக் கேட்பதுபோல் இருந்ததாம். சுத்தியலை எடுத்தாராம். ஒரே அடியாம். அந்தச் சிலைக்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது. அதன் பிறகு அவர் செய்தவை எல்லாம் மோஸ்கூலாவின் முகம், மோஸ்கூலாவின் தோள், மோஸ்கூலாவின் இடுப்பு. கை மட்டும் இல்லை.

சின்ன வயதில் ஸபேத்தா அவரிடம் கேட்டிருக்கிறாள், அம்மாவுக்குத்தான் கை இருக்கிறதே என்று. அம்மா வேறு, சிற்பம் வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்தி சம்பிரதாயம் தவறாதவள். புருஷன் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று, கையுறையை விரித்து அக்காளின் வலது கையில் மாட்டப் பார்த்தாள். விரல் நுனிகள் நுழைந்தன. கணுவில் வந்து நின்றுவிட்டது. இழுத்தாள். தையல் பிரிந்தது.

"பாவி," என்றாள் சித்தி. "மறுபடியும் அவ கைக்கே வாங்கிட்டு வந்திருக்கான்."

"எவ கைக்கு?"

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயை விட்டுப் போன சொல்லை யார் திரும்ப விழுங்க முடியும்? ஸபேத்தா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தபடி நின்றாள். சித்தி வேறு வழியில்லாமல், அக்காளின் தலைமுடியைச் சீவிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அந்த முதல் சிலைக்கு உடம்பு முழுக்க மோஸ்கூலாதான் மாதிரியாக நின்றாள். அப்போது அவளுக்கு ஸபேத்தா வயிற்றில். ஏற்கெனவே காய்த்துப்போயிருந்த அவள் கைகளுக்கு வந்தபோது யாக்கோவோஸ் உளியை வைத்துவிட்டார். இந்தக் கை தெய்வத்துக்கு ஆகாது என்றார். துறைமுக விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரியைக் கூட்டி வந்து உட்கார வைத்து, அவளுடைய மெல்லிய விரல்களைப் பார்த்துச் செதுக்கினார். தப்புத்தண்டா ஒன்றும் இல்லை, வெறும் கைதான். இரண்டு பேருக்கும் மோஸ்கூலாதான் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு சிலையைத் தேய்க்கச் சொன்னார். முகத்தைத் தேய்த்தாள், தோளைத் தேய்த்தாள், கைகளுக்கு வந்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டாள்.

"என் உடம்புல இன்னொருத்தி கையா? வச்சா என் கையை வை, இல்லாட்டி கையே வேணாம்னு சொல்லியிருக்கா. இவன் சிரிச்சிருக்கான்," என்றாள் சித்தி. "மறுநா காலைல சுத்தியலை எடுத்தது அவ. ஒரே அடி இல்லடி, நாலஞ்சு அடி. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

"அப்பா?"

"உக்காந்து அழுதான். அப்புறம் பரிசு கொடுக்கிறவங்க வந்தாங்க. ஆகா ஓகோன்னாங்க. அழுகை நின்னு போச்சு."

"அம்மா ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்றது? வீடு நிமிர்ந்துருச்சு. நீ பொறந்துட்ட."

ஸபேத்தாவுக்கு அப்பாவின் மேல் இருந்த கோபம் பாதி அம்மாவின் மேல் திரும்பியது. கையை உடைக்கத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லையே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்தது. அதையும் பல்லைக் கடித்து நிறுத்தினாள். இருவருமாகக் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, வெள்ளை நாடாவால் கட்டி, மாதா படத்தை அவற்றின் மேல் சாய்த்து வைத்தார்கள். வளைந்த விரல் படத்தைப் பிடித்துக்கொண்டது.

முற்றத்தில் அப்பா, வெலிஸாரிஸ் என்ற கலைக்கூடத் தலைவரோடு உட்கார்ந்திருந்தார். ஏதென்ஸிலிருந்து காலைக் கப்பலில் வந்தவர் அவர். கறுப்புக் கோட்டுப் பையில் இரங்கலுரையைத் தயாராக மடித்து வைத்திருந்தார். ஸபேத்தா கிழிந்த கையுறையை மேசை மேல் போட்டாள்.

"சேரல," என்றாள்.

யாக்கோவோஸ் விருந்தாளியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப பூவைப் போட்டாவது மூடிடு. அந்தக் கையைப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"வேலை செஞ்ச கைன்னு நெனைப்பாங்க."

"எனக்காகச் சொல்லலம்மா. அவ அழகாப் போகட்டும்னுதான்."

"தூரத்துல நின்னே கல்லுக்கு அளவு சொல்லுவீங்க," என்றாள் ஸபேத்தா. "பொண்டாட்டி கை எத்தனை பெரிசுன்னு தெரியல."

வெலிஸாரிஸ் எழுந்து மாதுளை மரத்தைப் பார்க்கப் போனார். யாக்கோவோஸ் கையுறையை எடுத்து மடித்து, மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தார். அவர் எப்போதும் இப்படித்தான். பத்திரிகைக்காரனிடம் பேச்சு அருவியாகக் கொட்டும். வீட்டில் கேட்டால் ஊமைக்கோட்டான்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, யாரோ பெட்டிக்குள் அல்லிப்பூக்களைக் கொட்டியிருந்தார்கள். தோளிலிருந்து இடுப்புவரை பூ. அதற்குமேல் முகம் மட்டும் தெரிந்தது. அச்சு அசலாக அவர் சிலைதான். யார் சொல்லிச் செய்தார்கள் என்று ஸபேத்தா விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையும் இல்லை. பாதிரியார் சாம்பிராணிக் கலசத்தை வீசிக்கொண்டிருக்கும்போதே, அவள் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் கால்மாட்டில் வைத்தாள். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். அவள் பார்த்த பார்வையில் இறக்கிக்கொண்டான்.

ஜெபம் முடிந்ததும் வெலிஸாரிஸ் பேச எழுந்தார். நல்லவர்தான், உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார். இந்தத் தீவின் தெய்வம் உலகக் கலைக்கு இல்லாமையின் அழகைக் கற்றுக்கொடுத்தது என்றார். காணாமல் போன அந்தக் கைகளைத் தேடித்தான் எல்லா நாட்டுக் கலைஞர்களும் அலைந்தார்கள் என்றார். கடைசியில், தேடுவதை நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுத்த ஒரு கலைஞன் நம் நடுவில் இருக்கிறான், அவனுக்கு ஊக்கம் தந்த தேவதை இதோ உறங்குகிறாள் என்றார்.

"சுத்தியலை எடுத்தது அவரில்ல," என்றாள் ஸபேத்தா.

அவள் குரலை உயர்த்தவில்லை. சின்னக் கோவில், உயர்த்தவும் வேண்டியிருக்கவில்லை.

"எங்கம்மா. அவ உடம்புல இவர் வேற ஒருத்தி கையை வச்சார். தெய்வத்துக்கு உன் கை ஆகாதுன்னார். அவ உடைச்சா. நீங்க இத்தனை வருஷமா புகழ்ந்து எழுதினது ஒரு பொம்பளையோட கோவத்தை. தெரிஞ்சுக்கங்க."

வெலிஸாரிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு யாக்கோவோஸைப் பார்த்தார். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. யாக்கோவோஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் தொண்டையைச் செருமினார். ஸபேத்தா ஊர்க்காரர்களின் பக்கம் திரும்பினாள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. மீன்கடைக்காரி, பேக்கரிக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் பழைய செய்தியைக் கேட்பவர்கள்போல நின்றிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அப்பா ஒருவர் மட்டுமில்லை. ஊரே சேர்ந்து மறைத்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கடைசி முத்தத்துக்கு வரிசை நகர்ந்தது. வழக்கப்படி எல்லோரும் படத்தையும் நெற்றியையும் முத்தமிட்டார்கள். மீன்கடைக்காரி மட்டும் குனிந்து, படத்தைத் தாண்டி, வளைந்த அந்த விரலை முத்தமிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் அப்படியே செய்தார்கள். ஆண்கள் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு அவர்களும் செய்தார்கள்.

யாக்கோவோஸ் கடைசியாக வந்தார். நெற்றியை முத்தமிட்டார். பிறகு அந்த வலது கையைத் தொட்டார். அவருடைய கட்டைவிரல் அவள் புறங்கையில் மெல்ல ஊர்ந்து, ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கியது. புடைத்த பெரிய கணுவில் வந்து நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்தார். பிடித்த அகலம் குறையாமல், கூடாமல், கையை அப்படியே மேலே எடுத்தார். பட்டறையில் அவர் அளவெடுப்பதை ஸபேத்தா ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

"போதும்," என்றாள். அடக்கத்துக்கு முன் செய்யும் வழக்கப்படி கைகளைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துவிட்டு, பெட்டியைத் தூக்க வந்தவர்களிடம் மூடச் சொன்னாள்.

அடக்கம் முடிந்ததும், கல்லறைத் தோட்டத்துக்கு எதிரேயிருந்த காப்பிக்கடையில் கசப்புக் காப்பியும் பிராந்தியும் ரஸ்க்கும் கொடுத்தார்கள். வந்தவர்கள் யாக்கோவோஸ் முன்னால் குனிந்து, நீங்க நல்லா இருந்து அவளை நெனைச்சுக்கணும் என்று கையை நீட்டினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் இடது கையைக் கொடுத்தார். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று சித்தி முணுமுணுத்தாள்.

ஸபேத்தா பிராந்திக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். வலது கை முழங்காலின் மேல் மல்லாந்து கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோவிலில் எடுத்த அளவு மாறாமல் விலகி, நடுவில் ஒன்றுமில்லாமல், விறைத்து நின்றன. அந்த விரல்களுக்கு நேராக அவள் கோப்பையை நீட்டினாள்.

அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரல்கள் அசையவில்லை. அவளும் கோப்பையைப் பின்னால் இழுக்கவில்லை.