குவாரல் என்ற சொல்

கஜபதியின் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீருக்குத் தவித்தது. பங்குக் கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாடுகள் ஏறி இறங்கும் தடத்தைத் தம்பி ஆறுமுகம் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான். ஊரார் சொல்லியும் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் திருத்தணிப் பக்கமெல்லாம் சித்தூர் ஜில்லா. இனி சித்தூர் கலெக்டருக்கு எழுதுவதுதான் வழி என்று கஜபதி திருத்தணிக்கு நடந்தார்.

அங்கே மலையடிவாரத்தில் குடியிருந்த ஆங்கில வாத்தியார் ஜம்புலிங்கம், கேட்டவர்களுக்கெல்லாம் மனு எழுதித் தருவார். அன்றும் பொறுமையாக ஆங்கிலத்தில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்.

"நடுவுல குவாரல், குவாரல்னு வருதே, அது இன்னா வாத்தியாரே?"

"சண்டைப்பா. நீயும் உன் தம்பியும் போட்டுக்கினு இருக்கீங்களே, அது."

"கேக்கறதுக்குத் தவளை கத்தறாப்புல கீது."

வாத்தியார் சிரித்தார். "அதோட பூர்வீகம் வேற. லத்தீன்னு ஒரு பழைய பாஷையில, குறையைச் சொல்லிப் பொலம்பறதுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வாயில பூந்து இங்கிலீஷுக்கு வந்து, இப்ப சண்டைன்னு ஆயிட்டுது."

"பொலம்பலா?"

"ஆங். பொலம்பினப்ப யாரும் காது குடுக்கல போல."

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கஜபதி கீழே வைத்தார்.

"இதுல என் குறையெல்லாம் கீது. அவன் குறை இன்னான்னு எழுதலியே?"

"நீ சொன்னாத்தானே எழுதறது."

"எனக்குத் தெரியாதே, வாத்தியாரே."

மனு அங்கேயே இருந்தது. கஜபதி மலையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

ஆறுமுகம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தும் நிமிரவில்லை.

"முள்ளுக்காக வரல. உனக்கு எம்மேல இன்னா குறைன்னு கேக்க வந்தேன்."

ஆறுமுகம் இன்னொரு பிடி தவிட்டை அள்ளிப் போட்டான். அவன் மனைவி அம்சா உள்ளிருந்து சொன்னாள்: "மாமா வாயைத் தொறந்து கேக்கறாரு. சொல்லேன்."

"போன ஆடிக் கிருத்திகைக்குக் காவடியைத் தூக்கிக்கினு நீ மட்டும் போயிட்டியே."

அப்பா விட்டுப்போன காவடி அது. தம்பி பூக்கட்டுவான், பாதி மலை வரை அண்ணன் சுமப்பார், மீதியைத் தம்பி சுமப்பான். சென்ற ஆண்டு பூ வாங்கப் போனவன் மழையில் சிக்கிக்கொண்டான். நல்ல நேரம் தவறுமே என்று கஜபதி காவடியில் கடைப்பூவைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கூடை நெறைய பூவோட உன் வாசல்ல நின்னேன். வீடு பூட்டிக் கெடந்துது. அத்தனையும் மாட்டுக்குப் போட்டேன்."

கஜபதிக்கு அப்போதுதான் உறைத்தது. கடவுளுக்கு நேரம் பார்த்தவர், கூடப் பிறந்தவனுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கவில்லை.

"தப்புதான்டா," என்றார். "இந்த வருசம் அடிவாரத்துலருந்தே நீ தூக்கு. நான் பூக்கட்டறேன்."

"நீயா? வைக்கோல் பிரி சுத்தினாப்புல இருக்கும். சாமி எறங்கி ஓடிடும்."

அம்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு கஜபதி முன்னால் ஒரு சொம்பு மோர் வைத்தாள்.

மறுநாள் விடியலில் கஜபதி மாடுகளை ஓட்டி வந்தபோது தடத்தில் ஒரு முள்கூட இல்லை. குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஆறுமுகம் அண்ணன் வயலுக்கு மடை வெட்டிக்கொண்டிருந்தான்.