மாலை போட்ட பெட்டி

எங்கள் ராஜகுரு சாருக்கு எண்களைப் பார்க்கத் தெரியும், படிக்கத்தான் தெரியாது. கோச்சடை அலுவலகத்தில் நாங்கள் செய்வது கம்பைலர், அதாவது மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள். அதில் யார் கை வைத்தாலும் நாற்பது சோதனை நிரல்களை ஓட்டி, வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். அதற்கென்றே மூலையில் ஒரு கணினி உண்டு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் அழகுபாண்டி செய்த மாற்றத்தை அதில் ஓட்டினார்கள். நாற்பதும் முன்பைவிடப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் குறையாமல் மந்தம். மேலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் புதுப் பையன் அவன், இன்னும் பயிற்சியில்தான் இருந்தான். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று சார் அன்று ஐந்து மணிக்குள் எழுத வேண்டும்.

“வீட்டுக்கு அனுப்பிருவோம் நாகஜோதி. இம்புட்டு மந்தமாக்குனவன வச்சு என்ன செய்ய?” என்றார், வடையை மென்றபடி.

அழகுபாண்டி கண் கலங்கி நின்றான். நான் குறுக்கே புகுந்தேன்.

“சார், இவன் தொட்டது லூப்பு, அதான் ஒரே வேலையத் திரும்பத் திரும்ப ஓட்டுற இடத்த மட்டுந்தான். லூப்பே இல்லாத நிரலும் எப்படி சார் மந்தமாகும்?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போம்மா.”

பழமொழிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அழகுபாண்டியின் கை படாத போன மாதக் கம்பைலரை அதே கணினியில் ஓட்டினேன். அது பதினைந்து சதவீதம் மந்தம். ஆக, கூடம்தான் கோணல்!

மூலைக்குப் போய்த் தொட்டால் கணினிப் பெட்டி சுட்டது. காற்றுப் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு பின்னால் தொங்கியது ஒரு தடித்த சாமந்தி மாலை. பூஜைக்குப் போட்ட மாலையைக் காய்ந்து உதிரும்வரை எங்கள் அலுவலகத்தில் யாரும் தொடமாட்டார்கள். சூடு ஏறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

“எவன் இப்படிப் போட்டது?” என்று சார் அதட்டினார்.

மாலையை எடுத்துவிட்டு, பெட்டி ஆறியதும் மறுபடி ஓட்டினோம். பழைய கம்பைலர் பழைய வேகத்துக்கு வந்தது. அழகுபாண்டியுடையது லூப் உள்ள நிரல்களில் அதைவிட மூன்று சதவீதம் வேகம். “அக்கா...” என்றான்.

ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கும் எங்களுக்கும் சாரின் மின்னஞ்சல் வந்தது. அழகுபாண்டி நிரந்தரம். கீழே இன்னொரு வரி: ‘ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் வந்த கோளாறை நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன்.’

வெட்கங்கெட்ட மனுஷன்! பூஜையன்று அலுவலக வாட்ஸப்பில் அவரே போட்ட படத்தைத் தேடி எடுத்தேன். பட்டு வேட்டியும் பல்லுமாக நின்று அந்தப் பெட்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார் சார்.

ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படத்தை மட்டும் இணைத்து, அந்த மின்னஞ்சல் போன அத்தனை பேருக்கும் பதிலாக அனுப்பினேன்.