கையெழுத்துப் போடாத அக்கா

வேன் ஓட்டிப் பிழைக்கும் அவளைத் தெருவே டிரைவரக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய தம்பி, கட்டினவளைச் சுத்தியலால் மண்டையில் அடித்துவிட்டு உள்ளே போயிருந்தான். தம்பி பெண்டாட்டி பிழைத்ததே மறுபிறவி. இடது கை இன்னும் எழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலே கதி என்று கிடந்தாள்.

ஜாமீனுக்கு ஆள் வேண்டும். சொந்த வீடு இருப்பது அக்காவுக்கு மட்டும்தான்.

"ஒரு கையெழுத்துதானே கேக்கறேன்," என்றாள் அம்மா. "பெத்த வயிறு எரியுதுடி. ஏதோ கோவத்துல கை நீட்டிட்டான்."

"கை நீட்டலம்மா. பக்கத்து ரூமுக்குப் போய், டூல் பெட்டியைத் திறந்து, தேடி எடுத்துட்டு வந்து அடிச்சிருக்கான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பியின் ஜாமீன் மனு என்ன ஆகிறதென்று பார்க்க, அக்கா சவாரியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். ஒரு தடவை அரசு வக்கீல் வரவில்லை. இன்னொரு தடவை ஜட்ஜ் லீவு. பிறகு கேஸ் கட்டையே காணோம் என்று தேடினார்கள். ஒருவழியாக மனு விசாரணைக்கு வந்தபோது, தம்பியின் வக்கீல் எழுந்து, "இது குடும்பச் சண்டைங்க. சொந்த அக்காவே ஜாமீன் நிக்கத் தயாரா இருக்காங்க," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க," என்று எழுந்துவிட்டாள்.

"குறுக்கே பேசக் கூடாது. யாரும்மா நீங்க?" என்றார் ஜட்ஜ்.

"அந்த அக்காதாங்க. ஜெயில்ல பாக்கப் போனப்ப, வெளிய வந்து மிச்சத்தையும் முடிக்கிறேன்னு என்கிட்டயே சொன்னான். இவனை விட்டா அவ உயிரோட இருக்க மாட்டா."

போலீஸ் காவலில் நின்ற தம்பி அவளையே வெறித்துப் பார்த்தான். ஜட்ஜ் ஏதோ எழுதினார். மனு தள்ளுபடி.

வராந்தாவில் அம்மா, "உனக்கு இனிமே அம்மா இல்லைன்னு நெனச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

அரசு வக்கீல் பக்கத்தில் வந்தார். "ரொம்ப நிம்மதியாகிடாதீங்கம்மா. மேல் கோர்ட்டுக்குப் போவாங்க. அதோட, போலீஸ் கெடுவுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலைன்னா ஜாமீன் தானா கிடைச்சிடும்."

"ஏன் இன்னும் போடல?"

"காயத்தைப் பத்தி டாக்டர் ரிப்போர்ட் வரலையாம்."

"அவ அந்த டாக்டர் கண்ணு முன்னாடிதானே சார் படுத்திருக்கா."

அவர் கையை விரித்தார்.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்கு வேனை விட்டாள். ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில், கையெழுத்துப் போட டாக்டர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நேற்று வந்த போலீஸ்காரரிடமும் அதைத்தான் சொன்னார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினாள்.

"அண்ணி, அவரு வர மாட்டாருல்ல?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"இப்போதைக்கு வர மாட்டான்."

"இப்போதைக்குன்னா?"

அக்கா கட்டிலருகே குனிந்தாள். நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டு, "இரு, வந்துடறேன்," என்று மறுபடி கீழே இறங்கினாள். ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குன்னு சொன்னோமேம்மா," என்றார் உள்ளே இருந்தவர்.

"டாக்டர் வர வரைக்கும் இங்கேயே இருக்கேன்," என்றாள்.