தோராக்காவுக்கு ஒரு ராஜா சால்மன்

ஸ்கூவ் துறையில் வலைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. வலைக்காரன் தூண்டில்காரனைப் பார்த்தால், "என்னப்பா, மீனுக்கு ஊட்டி விட்டாச்சா" என்பான். "கண்ணை மூடிட்டு வீசினாலும் வலையில விழும், அதுல என்ன பெருமை" என்று மற்றவன் திருப்பிக் கொடுப்பான். ஹால்வர் ஸ்டென் விவரம் தெரிந்த நாளிலிருந்து வலைக்காரன். மீன் எதைத் தின்னும், எந்த நிறம் பார்த்தால் கிட்டே வரும் என்றெல்லாம் அவன் யோசித்ததே கிடையாது. வலையைப் போட்டான், இழுத்தான், வீட்டுக்குப் போனான். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த மே மாதக் காலையில் ஓர் இரவல் படகில் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு பெட்டி நிறைய மினுக்குச் சாமான்களை வைத்து முழித்துக்கொண்டிருந்தான்.

மாலைக்குள் அவனுக்கு ஒரு ராஜா சால்மன் வேண்டும். அதுவும் தூண்டிலில், அவன் கையாலேயே பிடித்ததாக இருக்க வேண்டும். மாலைக் கப்பலில் தோரா லியென் தெற்கே சியாட்டிலுக்குப் போகிறாள். அங்கே அவள் நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றப் போகிறார்கள். வயது எழுபதை நெருங்குகிறது. நல்லபடியாகத் திரும்பி வருவாளா என்று கேட்டால் டாக்டர் கூரையைப் பார்க்கிறாராம்.

போன நவம்பரில் ஹால்வரின் படகு கவிழ்ந்து, அவன் பனித்தண்ணீரில் விறைத்துக் கிடந்தபோது தூக்கிப்போட்டவள் அந்தத் தோராதான். குளிர்கால மீனுக்காகத் தனியாகக் கடலுக்குப் போயிருந்தவள், நீளக் கொக்கியால் அவன் சட்டைக் காலரை மாட்டி இழுத்து, மீனைப் போடுகிற மாதிரிதான் தன் படகில் போட்டாள். அவனுக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. அதைச் சொல்லி அவன் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

கடலிலிருந்து தூக்கிவிட்டவருக்கு வெறும் வாயால் நன்றி சொல்வது இந்தத் துறையில் வழக்கமில்லை. வசந்தத்தில் கடலிலிருந்து ஆற்றுப் பக்கமாக ஏறி வரும் ராஜா சால்மனில் ஒன்றைத் தூண்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வலை மீன் செல்லாது. யாரையும் மனதில் வைத்துக்கொண்டு வலை மீன் பிடிப்பதில்லை என்று சொல்வார்கள். கொடுக்கிறவரைக்கும் அவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஹால்வர் ஏறவில்லை. அதோடு விட்டானா, கடையில் தோராவைக் கண்டால் வெறுங்கையோடு எப்படி முகத்தில் முழிப்பது என்று ரொட்டி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

மீன் ஏறத் தொடங்கியதிலிருந்து அவன் முயன்றுகொண்டுதான் இருக்கிறான். சாமான் கடைக்காரன் இப்படி ஒரு ஆளுக்காகத்தானே காத்திருப்பான். இழுத்த வேகத்தில் கண்ணாடி மாதிரி மின்னிச் சுழலும் தகடுகள், அதன் பின்னால் கட்ட ரப்பர் கணவாய்கள், பித்தளைக் கரண்டிகள், மணிகள் என்று தலையில் கட்டிவிட்டான். பெட்டியைத் திறந்து பார்த்த அவன் மனைவி இல்சி, "நீ மீன் புடிக்கப் போறியா, பொண்ணு அழைக்கப் போறியா?" என்றாள். பச்சைத் தகட்டுக்கு விழவில்லை என்று சிவப்பு, சிவப்புக்கு விழவில்லை என்று ஊதா. சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் மீன் விழுந்தது. இவன் தூண்டிலை ஒரு மீனும் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவேளை மோந்துதான் பார்த்ததோ என்னவோ.

படகு ரேடியோ கரகரத்தது. இந்தத் துறையின் ரேடியோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த இரைக்கு மீன் விழுகிறது, எங்கே விழுகிறது என்று யாரும் அதில் உண்மை பேச மாட்டார்கள். பச்சைக்கு விழுந்தால் சிவப்பு என்பார்கள், கிழக்கே நின்றால் மேற்கே என்பார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, ஒரு நாகரிகம். இதில் கைதேர்ந்தவள் தோராதான். அவள் சொன்ன இடத்துக்குப் போய் மூக்குடைபட்டு வராதவன் துறையிலேயே கிடையாது.

"ஹால்வரு, இன்னிக்கு என்ன கட்டியிருக்க?" பக்கத்துப் படகு ஆர்வில் கேட்டான்.

"ஊதாத் தகடு, வெள்ளைக் கணவாய்." உண்மையையே சொன்னான் ஹால்வர். பொய் சொல்லக்கூட அவனுக்கு இந்தத் தொழிலில் போதாது.

"வலையை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல. குளுருக்குப் போத்திக்கவாவது ஆகும்."

நாலைந்து படகிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஹால்வர் பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது.

"ஹால்வர், தோரா பேசறேன். என் படகுலேர்ந்துதான். உன் பொண்டாட்டி இப்பதான் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனா."

ஹால்வருக்குக் காது வரை சூடேறியது. "அக்கா, அது வந்து..."

"கையை மோந்து பாரு."

"என்னது?"

"மோந்து பாருடா. காலைல டீசல் ஊத்தினியா இல்லியா?"

மோந்தான். எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. வலைக்காரனுக்கு அது வாடையே இல்லை, வீட்டில் குழம்பு வாசனை மாதிரி பழகிப்போனது.

"ஊத்தினேங்க்கா."

"அந்தக் கையால இரையைத் தொட்டா எது கிட்ட வரும்? மீனுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கறதே உங்க கூட்டத்துக்குத் தெரியாது. கடல்பாசி ஒரு கொத்து இழுத்துப் போட்டு நசுக்கி, முழங்கை வரைக்கும் நல்லாத் தேய். அப்புறம் அந்தத் தகட்டைக் கழட்டிக் கடாசு."

"எந்தத் தகட்டைக்கா?"

"எல்லாத் தகட்டையும்தான். கணவாய், கரண்டி ஒண்ணும் வேணாம். தண்ணி தெளிஞ்சு கெடக்கு, மினுக்கினா பயந்துக்கும். வெறும் ஈயக்குண்டு, அதுக்குக் கீழ ரெண்டு ஆள் நீளத்துக்கு மெல்லிசுத் தூண்டில் நரம்பு, உப்புல ஊறின ஒரே ஒரு ஹெர்ரிங் மீன். பெட்டியில இருக்கறதுலயே சின்னதை எடு. தலையைச் சாய்வா அறு. தண்ணில அது சோம்பேறி மாதிரி உருளணும், பம்பரமாச் சுத்தக் கூடாது. சுத்தினா இன்னும் கொஞ்சம் நேரா அறு. காக்காப் பாறையை ஒட்டி, பன்னெண்டு ஆள் ஆழத்துல விடு."

ஆர்வில்தான் முதலில் ஆரம்பித்தான். "தோராக்கா, ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துலயாவது பாவம் அவனை விடக் கூடாதா? தகடு இல்லாம மே மாசத்துல மீனா?"

"காக்காப் பாறைல கொக்கி மாட்டிக்கிட்டு அவன் கப்பலுக்கே வந்து சேர மாட்டான்" என்றது வேறொரு குரல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவனும் தன் தகட்டில் கை வைக்கவில்லை.

ஹால்வரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான். கைதேர்ந்த பொய்க்காரி சொல்கிறாள். கேட்டால் இருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும். ஆனால் நவம்பரில் நடந்த ஒன்று அவனுக்கு நினைவு வந்தது. அவனைப் படகில் போட்ட கையோடு தோரா ரேடியோவை எடுத்து, மீட்பு ஹெலிகாப்டருக்குத் தான் நின்ற இடத்தைப் புள்ளி பிசகாமல் சொன்னாள். குளிர்காலத்தில் அவள் எங்கே மீன் பிடிக்கிறாள் என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் பின்னாலேயே போய் ஏமாந்து திரும்பிய இடம். மறுவாரமே துறை முழுக்க அங்கே மொய்த்துவிட்டது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தகட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். பாசியைத் தேய்த்தான், பிசுபிசுவென்று கை பச்சையாகிவிட்டது. முதல் ஹெர்ரிங் பம்பரமாகச் சுற்றியது, இரண்டாவது செத்ததுபோல் நேராக வந்தது. அறுப்பதை மாற்றி மாற்றி, ஒருவழியாக ஒன்று சோம்பல் முறிக்கிற மாதிரி உருண்டது. காக்காப் பாறையின் ஓரமாகப் படகை மெல்ல விட்டான். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியும்விட்டது. போச்சு, மோசம் போனோம் என்று அவன் நினைத்தபோது தூண்டில் கம்பு வளைந்து, முனை தண்ணீருக்குள் போனது.

வலையில் மீனின் கோபம் தெரியாது. நரம்பில் தெரிந்தது. ஓடியது, நின்று தலையை உதறியது, அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. ஹால்வர் அதனிடம் கெஞ்சினான். வாய்விட்டே கெஞ்சினான், இத்தனை வருடத்தில் அவன் ஒரு மீனிடம் பேசியது அன்றுதான். கடைசியில் அது வெள்ளி வயிற்றைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. படகில் போட்டதும் அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஆண்டவனுக்கும் தோராவுக்கும் சேர்த்து நன்றி சொன்னான். யாருக்கு முதலில் சொன்னான் என்று கேட்கக் கூடாது.

துறைக்கு வந்தபோது கப்பல் ஏற்கெனவே கட்டியிருந்தது. தோரா தன் படகின் சின்ன அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பயணப் பெட்டி வாசலில் இருந்தது. அவள் முகம் வெளுத்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் மீனை ஏந்திக்கொண்டு போய் நின்றான்.

"வேற யாருக்காவது விழுந்துதா?" என்றாள் தோரா.

"இல்லக்கா. ஒருத்தனும் தகட்டைக் கழட்டல. நீங்க பொய் சொல்றீங்கன்னுட்டாங்க."

தோரா சிரிக்க ஆரம்பித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர் பூரா கேக்கறாப்பல உண்மையைச் சொன்னேன், நம்பினது ஒரு வலைக்காரன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மீனை வாங்கிப் பலகையில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

"உன்னைத் தூக்கினதுல உனக்கு வருத்தமோன்னு நெனச்சேன்டா" என்றாள். "சில பேரு அப்படி ஆயிடுவாங்க. கடையில என்னைப் பாத்தா ஒளிஞ்சுக்கிட்டே."

ஹால்வருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ அக்கா. வெறுங்கையோட எப்படி வர்றது? வழக்கம் இருக்கே."

"படி ஏறக் கூடாதுன்னுதான் வழக்கம். வாசல்ல நின்னு எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு எவனாவது சொன்னானா? குளிர்காலம் பூரா நீ வருவேன்னு ரெண்டு கோப்பை எடுத்து வெச்சேன்."

வழக்கமாவது ஒன்றாவது என்று அவன் வெறும் வாயாலேயே சொல்லிவிட்டான். "உங்களாலதான் உசுரோட இருக்கேன்க்கா. தெனமும் காலைல கண்ணு முழிக்கும்போது நெனச்சுப்பேன். சொல்லாம இருந்தது என் மடத்தனம்."

"சரி, விடு. உக்காரு" என்றாள் அவள். வயிற்றுப் பக்கத்துத் துண்டை அறுத்து, வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டு வறுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே பெரிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினாள். சேர்ந்து சாப்பிட்டார்கள். மிச்ச மீனை இல்சிக்குக் கொடுக்கச் சொன்னாள். ஆர்விலுக்கும் ஒரு துண்டு, எப்படிப் பிடித்தது என்று மட்டும் சொல்லக் கூடாதாம்.

கப்பல் ஊதியது. ஹால்வர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"அங்க கூட யாரு இருக்கப் போறாங்கக்கா?"

"நர்ஸுங்க இருப்பாங்க."

"நர்ஸ் இல்லக்கா, நம்மாளு."

தோரா கப்பல் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். நாலு படிக்கு ஒருமுறை நின்றாள். ஹால்வர் பின்னாலேயே ஏறி, ஜன்னலோர இருக்கையில் அவளை உட்கார வைத்து, பெட்டியைக் காலடியில் வைத்தான். பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

"எறங்குடா, கெளம்பப் போவுது" என்றாள் தோரா.

அவன் இல்சிக்கு ஃபோன் போட்டான். "மீன் தோராக்கா படகுல இருக்கு, வந்து எடுத்துக்க. எனக்கு ரெண்டு சட்டை மட்டும் அடுத்த கப்பல்ல அனுப்பிடு."

"எனக்குத் தெரியும், காலையிலயே எடுத்து வெச்சிட்டேன்" என்றாள் இல்சி. "அக்காவைத் தனியா விட்டுடாத."

தோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கயிறு அவிழ்ந்து கப்பல் துறையை விட்டு விலகிய பிறகுதான் அவள் கையை நீட்டி, பாசிக்கறை போகாத அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.