அத்தான் வட்டி வாங்க மாட்டார்

அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் எங்கள் வீட்டில் சோறு. விழாவிட்டால் கஞ்சி. ரொம்ப விழுந்து, குளிக்கத் தடை என்று போலீஸ் தடுப்பு வைத்துவிட்டால் கஞ்சியும் சந்தேகம்தான். என் வீட்டுக்காரர் செல்லச்சாமி ஆட்டோ ஓட்டுகிறார். வருடத்தில் முக்கால்வாசி நாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கொட்டாவி விடுவார். சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாகப் பறப்பார். அந்த இரண்டு மாதக் காசில்தான் மீதி வருடத்தின் ஓட்டைகளையெல்லாம் அடைக்க வேண்டும். அடைக்கிற வேலை என்னுடையது. போதாததற்கு நான் இட்லி மாவு அரைத்து, சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்குக் கொடுக்கிறேன். இலஞ்சியில் சுகந்தி மாவு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இப்படியே இழுத்துப் பிடித்து ஓட்டியிருப்பேன். பேச்சிராஜ் அத்தான் எங்களுக்கு உதவி செய்ததில்தான் எல்லாம் கெட்டது.

அத்தான் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். மதுரையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆட்டோ வாங்க முன்பணம் இல்லாமல் நாங்கள் முழித்துக்கொண்டு நின்றபோது ஐம்பதாயிரம் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, கேட்ட அன்றைக்கே கொடுத்தார். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. “வட்டி கிட்டின்னு பேசுன, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன். நமக்குள்ள என்னலே வட்டி?” என்றார். என் வீட்டுக்காரர் அழுதேவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது வைகாசி மாதம். சாரலுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்த நேரத்தில் அதை யார் யோசித்தார்கள்?

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற மாதங்களில் செத்தோமா பிழைத்தோமா என்று கேட்காத சொந்தமெல்லாம், டிவியில் ஐந்தருவியைக் காட்டியதும் போன் போட்டு நலம் விசாரிக்கும். அத்தான் குடும்பமும் முன்பு அப்படித்தான், ஏதோ ஒரு வருடம் வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகும். பணம் கொடுத்த பிறகு வருடம் தவறவில்லை. அத்தான், உமா மகேஸ்வரி அக்கா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், அக்காவின் தங்கை, அவள் வீட்டுக்காரர் என்று எட்டுப் பேர். நான்கு நாள்.

அருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசி சாதாரணப் பசி இல்லை. மதுரையில் மூன்று இட்லியோடு கை கழுவுகிற அக்கா, பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் எட்டு சாப்பிட்டுவிட்டு, “மாவு நல்லா புளிச்சிருக்கு சுகந்தி” என்று தட்டை மறுபடி நீட்டுவார். நான் விற்பதற்கு அரைத்த மாவு அது. என் வீட்டுக்காரர் காலையில் பேரருவி, மத்தியானம் ஐந்தருவி, சாயங்காலம் பரோட்டா தின்ன செங்கோட்டை தாண்டி கேரள பார்டர் என்று அவர்களையே ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். சவாரிக்காரர்கள் கை காட்டக் காட்ட நிற்காமல் போவார். கிளம்பும்போது நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் நாங்கள்தான் வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம் அல்லவா?

இரண்டு வருடம் இப்படிப் போனது. போன வருடம் ஆட்டோ இன்சூரன்ஸுக்குப் பணம் இல்லாமல் என் கம்மலை அடகு வைத்தோம். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. காதில் கவரிங் போட்டிருக்கிறேன். இந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஆட்டோவுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். டிங்கரிங், பெயின்ட், டயர், பிரேக் என்று இருபதாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். எஃப்.சி. இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. வண்டி இறங்காவிட்டால் அடுப்பும் எரியாது. இந்தச் சீசன் காசு வீட்டில் நின்றே ஆக வேண்டும்.

சித்திரையில் ஒரு நாள் பக்கத்து வீட்டு ராபியாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். ராபியாவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தி, ஒரு சீட்டும் போட்டு, எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவியாகவும் இருக்கிற கெட்டிக்காரி.

“நாலு நாள் வண்டி ஓடல. அந்தக் காசு எவ்வளவு?” என்று கேட்டாள். சொன்னேன்.

“பெட்ரோலு? கறி, மீனு, கேஸு? விக்காம போன மாவு?” எல்லாம் சொன்னேன். கூட்டிப் பார்த்தாள். வருடத்துக்குப் பதினேழாயிரம் வந்தது.

“அடிப்பாவி! குழுவுல வாங்குனா இதே அம்பதாயிரத்துக்கு இதுல முக்கால்வாசி கூட வட்டி வராதே. வட்டி இல்லாத கடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியே, ஒனக்கே சிரிப்பா இல்ல?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே குழுவில் எழுதிக் கொடுத்து ஐம்பதாயிரம் வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் தவணை கட்ட வேண்டும். பிந்தினால் குழுவில் இருக்கிற அத்தனை பெண்களும் நம் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் உட்கார்ந்தாலும் தவணையை மட்டும்தான் கேட்பார்கள், மீன் குழம்பு கேட்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஏற்பட்ட அவமானத்தைச் சொல்லி முடியாது. “ஊர்ல எவளாவது வட்டியில்லாத கடன அடைக்க வட்டிக்கு வாங்குவாளா? கேட்டா சிரிக்க மாட்டாவளா?” என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் பசி தாங்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு மதுரைக்கு பஸ் ஏறினார்.

ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பணமும் வைத்து அத்தான் கையில் கொடுத்தோம். “சொந்தத்துக்குள்ள எண்ணவா செய்வாக?” என்று சொல்லிவிட்டு அத்தான் உள்ளறைக்குப் போனார். ஐந்து நிமிடம் கழித்து, எல்லாம் சரியாக இருந்த முகத்தோடு திரும்பி வந்தார். தலையில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல எனக்கு இருந்தது. இனி எந்த முகத்தோடு எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள்?

உமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“உண்மையச் சொல்லுதேன் சுகந்தி, இத்தன நாளா ஒங்க வீட்டுக்கு வரவே எங்களுக்குக் கூச்சமா இருக்கும். கடன் குடுத்துட்டு வந்து திங்கோம்னு ஒரு வார்த்த வந்துரக் கூடாதுல்ல. அதான் நாலே நாள்ல கெளம்பி ஓடியாந்துருவோம். இனி என்ன? இந்தச் சாரலுக்குப் பத்து நாள் நிம்மதியா இருந்து குளிச்சுட்டு வருவோம்.”

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, “அதுக்கென்ன மைனி, நம்ம வீடுதான” என்றார்.

ஆடி பிறந்ததும் வந்தார்கள். வேனில் வந்து இறங்கி, பத்து நாள் கழித்துப் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேன் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் முதல் வருடமே கதவைச் சாத்தியிருப்பேன். அக்கா எனக்கு மதுரையிலிருந்து சுங்குடிச் சேலை வாங்கி வந்திருந்தார். அத்தான், “நீ கஷ்டப்படாதம்மா, எளிமையா ஒரு கோழிக்கொழம்பு போதும்” என்றார். சாரலில் துணி காயாது. வீடெங்கும் கொடி கட்டி ஈரத்துண்டு தொங்கியது. அதற்கடியில் குனிந்து குனிந்து நடந்து நான் இட்லி ஊற்றினேன். அந்த வாரம் குழுவுக்குத் தவணை கட்ட, மாவுக்கு முன்பணம் தந்த வீடுகளில் இன்னொரு முன்பணம் கேட்டேன்.

நான்காம் நாள் மலையில் கனத்த மழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. எட்டுப் பேரும் வீட்டிலேயே இருந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். பொழுது போகாமல் அத்தான் வாசலில் நின்ற ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏலே தம்பி, வண்டி என்ன இப்பிடிக் கெடக்கு? எஃப்.சி. எப்போ?”

“ஆகஸ்ட்டு கடைசிண்ணே. இருவதாயிரம் ஆகும்னு சொல்லுதான்” என்றார் என் வீட்டுக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

“இதச் சொல்ல ஒனக்கு வாயி இல்லியா? நான் எதுக்கு இருக்கேன்? இந்தா, போன்லயே போட்டு விட்டுருதேன். இருவத்தஞ்சா வச்சுக்கோ.” அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தட்ட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரின் கண் வழக்கம்போல் நனையத் தொடங்கியது.

எனக்கு அடுத்த வருடம் தெரிந்தது, அதற்கடுத்த வருடமும் தெரிந்தது. கையில் பஜ்ஜி மாவோடு வெளியே ஓடினேன்.

“அத்தான், நில்லுங்க. நூத்துக்கு ரெண்டு ரூவா வட்டி போட்டுக்கோங்க. மாசாமாசம் குடுத்துருதோம். வட்டி வாங்கலன்னா பணம் வேண்டாம்.”

அத்தானின் விரல் போன் மேலேயே நின்றது. “என்னம்மா சொன்ன?”

“வட்டி வாங்கிக்கோங்கன்னேன்.”

“ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?” என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அக்கா எழுந்து வந்துவிட்டார். “எங்கள வட்டிக்காரன்னு சொல்லிட்டாளே! கூடப் பொறந்தவன் மாரி நெனச்சு வந்தோமே!” என்று மாரில் அடித்துக்கொண்டார். நான் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள். வட்டி தருகிறேன் என்றதைப் பொறுக்க முடியவில்லை. வட்டி வாங்குகிறவன் வட்டியை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், அவனுக்குப் பந்தியில் இடம் கிடையாது. இது எனக்குத் தெரிந்த மாதிரி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அரை மணி நேரத்தில் கொடியில் ஒரு துண்டு இல்லை. ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், பாதிப் பேரைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு மீதிப் பேருக்குத் திரும்பி வந்தார். அத்தான் ஏறும் முன் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார்.

“நமக்குள்ள எல்லாம் கணக்குத்தான்னு ஆயிட்டு. வாடகைய வாங்கிக்கலே.”

என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“சீசன் ரேட்டு முந்நூறு அத்தான். ரெண்டு ட்ரிப்பு, அறுநூறு.”

“மிச்சத்த நீயே வச்சுக்கோ” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். “தின்னதுக்கு இருக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் உள்ளே ஓடி, தவணைக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து நானூறு ரூபாயைக் கொண்டுவந்தேன். ஆட்டோ கிளம்புவதற்குள் அக்காவின் மடியில் எண்ணி வைத்தேன். பத்து ரூபாய் பாக்கி இருந்தாலும் போதும், அடுத்த ஆனியில் அதைக் கேட்க வருவார்கள், இல்லாவிட்டால் அதை மன்னிக்க வருவார்கள்.