பழைய லோடுக்குப் புதுத் தேதி

பாண்டிமீனா பட்டனை அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேபிள் பிரிண்டர் ஒருமுறை செருமியது. அப்புறம் கழுத்தைப் பிடித்த கோழி போலக் கத்திக்கொண்டு வெறும் லேபிள்களாகத் துப்பத் தொடங்கியது. சுவிட்சை அணைப்பதற்குள் நாரணாபுரத்துக்கும் திருத்தங்கலுக்கும் பாதை போடலாம் என்கிற நீளத்துக்கு வெள்ளைச் சுருள் தரையில் கிடந்தது.

"ஏத்தா, இன்னைக்கும் வாந்திதானா?" பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வீரலட்சுமி சுருளை அள்ளினாள். "எதுக்கும் எலுமிச்சம்பழம் சுத்திப் போடு."

"சும்மா இருங்கக்கா. ஒரு எண்ணு தப்பாப் போச்சு."

வெடிக் கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே பழைய பிரிண்டர் ஊமையாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனியையும் மூடியாயிற்று. "தீபாவளி லோடு போறதுக்குள்ள அது ஓடணும். இல்லைன்னா உனக்கு இங்கன வேலை இல்ல" என்று மேனேஜர் செந்தூர்பாண்டி சொல்லி மூன்று வாரம். வீட்டில் நாலு வயிறு. வேலைக்குப் போவது இவள் ஒருத்தி. பஸ்ஸில் நின்றபடியே போனில் வீடியோ பார்த்து டிரைவர் எழுதப் படித்தாள். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்கு விளங்கும் எண்களாக்கிச் சொல்லும் மென்பொருள் அது. விருதுநகர் மிளகாய் மண்டித் தரகர் மாதிரி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச வேண்டும். வேறொரு மாடலின் டிரைவரை எடுத்து வரிவரியாக மாற்றினாள். சூட்டால் எழுத்துப் பதிக்கும் அந்தப் பிரிண்டரில் சூட்டுக்கான எண் கூடினால் அச்சுத்தலை கருகிவிடும் என்று கேட்ட நாளிலிருந்து அவள் இட்லியைக்கூட எண்ணிப் பார்த்துத்தான் தின்றாள்.

லேபிள் இடைவெளிக்கான எண்ணைத் திருத்தி மறுபடி அமுக்கினாள். வெடியின் பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் கண்ணாடி போல விழுந்தன. வீரலட்சுமி போட்ட குலவையில் செந்தூர்பாண்டியின் தொந்தி முதலில் உள்ளே வந்தது. அவர் நாலு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார்.

லேபிளைப் பார்த்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

ஆறு வருடத்தில் அவர் யாருக்கும் நாற்காலி போட்டதில்லை. பாண்டிமீனா நுனியில் உட்கார்ந்தாள்.

"குடோன்ல போன வருச லோடு கெடக்கு. மழையில லேசா ஈரம் பட்டது. அந்த பேட்ச் எண்ணைப் போட்டா சாப்ட்வேர் போன வருசத் தேதியத்தான் காட்டுது. மாத்த முடியாம பூட்டி வச்சிருக்கானுக. உன் டிரைவர் நடுவுலதான நிக்குது? போற வழியில வருசத்த மட்டும் மாத்திவிடு."

வீரலட்சுமியின் கை நின்றது. "அண்ணாச்சி, ஈரம் பட்ட வெடி எப்பப் பிடிக்கும்னு சொல்ல முடியாது. திரி அணைஞ்சிருச்சுன்னு பிள்ளைக குனிஞ்சு பாக்கும்."

"ஒட்டுறவளுக்கு வாய் எதுக்கு? பசை இருக்குல்ல, அதத் தடவு."

"கேசு கீசு ஆயிருச்சுன்னா, அண்ணாச்சி?" பாண்டிமீனா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முடியாதுன்னா சொல்லிரு தாயி. கஷ்டமான வேலையெல்லாம் நீ முடிச்சிட்ட. ஒரு வரி மாத்த எவனும் வருவான். நீ நாளையிலிருந்து வீட்ல இருந்துக்கோ."

அவள் நெஞ்சு அடித்த அடியில் சிவகாசிக்காரர்கள் தீபாவளி வந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஒரே வரிதான். மூன்று முறை தப்பாக அடித்து நாலாவது முறை சரியாக அடித்தாள். பிரிண்டர் சமர்த்தாக ஒரு லேபிளை நீட்டியது. தயாரித்த தேதியில் இந்த வருடம்.

செந்தூர்பாண்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்தார்.

"இங்கன 'உருவாக்கியவர்'னு ஒரு கட்டம் சும்மா கெடக்கே?"

"கம்பெனி பேர் போடலாம்னு விட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அடடே, அது தப்பு. உழைச்சது நீ. உன் பேரப் போடு. இனிசியலோட, முழுசா."

அவள் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பின்னால் வீரலட்சுமி குடோனிலிருந்து வந்த முதல் பெட்டியின் பழைய தேதி மேல் புது லேபிளை வைத்துக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

செந்தூர்பாண்டி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். பெயர் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. கையை ஆடாமல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை பிடித்தார்.